சிலையைச் சுட்ட கப்பல்கள்!

2011-ம் ஆண்டு ஜூன் மாதம்.

ஜிட்டாவில் ஒரே கூட்டம். ஜிட்டா என்பது தரையில் இருக்கும் ஊர் அல்ல. ஆகாயத்தில், நட்சத்திரங்களுக்கு நடுவே இருக்கும் சந்தை. அங்கே ஒரு பெரிய சிலை. சிலையைச் சுற்றி நூற்றுக்கணக்கான கப்பல்கள். எல்லாம் ஆகாயக் கப்பல்கள்!

திடீரென்று கப்பல்கள் சுட ஆரம்பித்தன. குண்டு பாய்ந்தது. ராக்கெட் பாய்ந்தது. சிலையைச் சுற்றி ஒரே நெருப்பு மயம். மணிக்கணக்கில் சுட்டார்கள். சிலை உடையவில்லை. அது உடையாது என்பது சுட்டவர்களுக்கும் தெரியும். தெரிந்தேதான் சுட்டார்கள்!

ஏன்?

சிலையின் மேல் அவர்களுக்குக் கோபம் இல்லை. சிலையைச் செய்து வைத்த கம்பெனியின் மேல் கோபம்.

இது நிஜமான ஆகாயத்தில் நடந்தது அல்ல. கம்ப்யூட்டர் விளையாட்டில் நடந்தது. விளையாட்டின் பெயர் "ஈவ் ஆன்லைன்". விளையாட்டுத்தானே என்று எண்ணிவிட வேண்டாம். இந்தக் கோபத்தால் கம்பெனியின் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் அந்தக் கம்பெனியில் பலருக்கு வேலையும் போயிற்று.

தீவில் பிறந்த விளையாட்டு

ஐரோப்பாவுக்கு வடமேற்கே, கடல் நடுவே, ஐஸ்லாந்து என்று ஒரு தீவு இருக்கிறது. பனியும் எரிமலையும் நிறைந்த தீவு. மொத்த ஜனத்தொகை 4 லட்சத்துக்கு அருகில்தான். நம் ஊரில் ஒரு நடுத்தர நகரத்து ஜனத்தொகை! மீன் பிடிப்பது பரம்பரைத் தொழில்.

அந்தத் தீவில் 1997-ம் ஆண்டு சில வாலிபர்கள் சேர்ந்து "சி.சி.பி." என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். ஆகாயத்தில் வியாபாரமும் சண்டையும் செய்யும் விளையாட்டு ஒன்றை உருவாக்க வேண்டும் என்பது ஆசை. கையில் பணம் இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? முதலில் அட்டையில் காய் வைத்து ஆடும் விளையாட்டு ஒன்றைச் செய்து விற்றார்கள். நம் வீட்டுப் பரமபதம் மாதிரி, குடும்பத்தோடு உட்கார்ந்து ஆடுவது. "ஆபத்து விளையாட்டு" என்று அதற்குப் பெயர். ஐஸ்லாந்தில் அது நன்றாக விற்றது. அந்தப் பணம் ஆகாய விளையாட்டுக்கு உதவியது.

2003-ம் ஆண்டு மே மாதம் 6-ந்தேதி "ஈவ்" வெளிவந்தது.

மற்ற விளையாட்டுகளில் ஆடுகிறவர்களைத் தனித்தனிக் கூட்டமாகப் பிரித்து விடுவார்கள். ஒரு கூட்டத்துக்கு இன்னொரு கூட்டத்தைத் தெரியாது. ஈவில் அப்படி இல்லை. ஜெர்மனிக்காரர், ரஷ்யர், அமெரிக்கர் எல்லோரும் ஒரே ஆகாயத்தில்தான் பறக்க வேண்டும். அந்த ஆகாயத்தில் 7 ஆயிரத்துக்கு மேற்பட்ட நட்சத்திர மண்டலங்கள் இருக்கின்றன. எங்கே வேண்டுமானாலும் போகலாம். என்ன வேண்டுமானாலும் செய்யலாம். "இதைச் செய், அதைச் செய்" என்று யாரும் உத்தரவு போடுவது இல்லை.

சரி, போய் என்ன செய்வது?

கல்லை வெட்டி, கப்பல் கட்டி...

ஆகாயத்தில் மிதக்கும் பாறைகளை வெட்டலாம். வெட்டிய கல்லை உருக்கினால் உலோகம் கிடைக்கும். உலோகத்தைக் கொண்டு கப்பல் கட்டலாம். பீரங்கி செய்யலாம். குண்டு செய்யலாம். செய்ததைச் சந்தைக்கு எடுத்துப் போய் விற்கலாம்.

கப்பல்களைப் பெரும்பாலும் கம்பெனி விற்பது இல்லை. ஆடுகிறவர்களே செய்து, ஆடுகிறவர்களுக்கே விற்கிறார்கள். விலையையும் அவர்களே வைக்கிறார்கள். எங்கோ ஒரு மூலையில் சண்டை மூண்டால் ஜிட்டா சந்தையில் உலோகத்தின் விலை ஏறும். சண்டை ஓய்ந்தால் இறங்கும். கொத்தவால்சாவடியில் வெங்காயம் விலை ஏறி இறங்கியது போலத்தான்.

விளையாட்டுப் பணத்துக்கு "இஸ்க்" என்று பெயர். ஐஸ்லாந்து நாட்டு நாணயத்தைச் சுருக்கி எழுதும்போதும் அதே மூன்று எழுத்துத்தான்! ஆகாயச் சந்தையைக் கவனிக்க 2007-ம் ஆண்டு கம்பெனி ஒரு பொருளாதார நிபுணரையே வேலைக்கு வைத்தது. அவர் பெயர் எயோல்பூர் குத்முண்ட்சன். டாக்டர் பட்டம் பெற்றவர். ஒரு சர்க்கார் வங்கி அறிக்கை வெளியிடுவது போல, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆகாயச் சந்தையைப் பற்றி அறிக்கை வெளியிட்டார். அடுத்த ஆண்டு, 2008 அக்டோபரில், ஐஸ்லாந்தில் நிஜமான மூன்று பெரிய வங்கிகளும் கவிழ்ந்துவிட்டன. ஆகாயச் சந்தை மட்டும் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது!

இவ்வளவு கணக்கு இருப்பதால் ஆடுகிறவர்களே இந்த விளையாட்டைக் கேலி செய்வது உண்டு. "இது ஆகாயத்தில் எழுதும் கணக்குப் பேரேடு" என்பார்கள். கேலியில் உண்மை இருக்கிறது. லாப நஷ்டம் பார்க்க இரவு முழுவதும் கட்டம் போட்டு எண்களைக் கூட்டுகிறவர்கள் ஏராளம். பகலில் ஆபீசில் செய்யும் அதே வேலையை இரவில் சந்தா கட்டிச் செய்கிறார்கள்!

போனது போனதுதான்

ஈவின் முதல் விதி மிகவும் கடுமையானது. கப்பல் உடைந்தால் உடைந்ததுதான். திரும்பக் கிடைக்காது. ஆறு மாதம் உழைத்துச் சேர்த்த கப்பல் ஆறு நிமிஷத்தில் தூளாகலாம்.

போலீஸ் இல்லையா? இருக்கிறது. ஆகாயம் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. காவல் அதிகம் உள்ள இடம் ஒன்று. குறைவாக உள்ள இடம் ஒன்று. காவலே இல்லாத இடம் ஒன்று. காவல் அதிகம் உள்ள இடத்தில் ஒருவரை அநியாயமாகச் சுட்டால் போலீஸ் வந்து, சுட்டவரின் கப்பலை நொறுக்கிவிடும். அதிலிருந்து யாரும் தப்ப முடியாது. ஆனால் போலீஸ் வருவதற்குச் சில விநாடிகள் ஆகும். வந்தாலும், பறிகொடுத்தவருக்குப் பொருள் திரும்பி வராது.

இந்தச் சில விநாடிகளை வைத்துத்தான் கொள்ளைக்காரர்கள் பிழைக்கிறார்கள்! விலை குறைந்த கப்பல்களில் வருவார்கள். சரக்குக் கப்பல் ஒன்றைக் குறிவைத்துச் சுடுவார்கள். போலீஸ் வந்து அவர்களை நொறுக்கும். நொறுக்கட்டும்! பக்கத்தில் ஒன்றும் தெரியாதவர் போல் நிற்கும் கூட்டாளி, சிதறிய சரக்கை அள்ளிக்கொண்டு போவார். போன கப்பல்களின் விலை கொஞ்சம். கிடைத்த சரக்கின் விலை அதிகம். கணக்கு சரி!

இங்கேதான் ஆடுகிறவர்களின் அபிப்பிராயம் இரண்டாகப் பிரிகிறது. 2003-ல் தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை.

வியாபாரிகள் என்ன சொல்கிறார்கள்? "நாங்களும் அதே சந்தாதான் கட்டுகிறோம். நாங்கள் யாரையும் சுடுவது இல்லை. அமைதியாகக் கல் வெட்டி, சரக்கு ஏற்றிப் பிழைக்கிறோம். எங்களை எதற்காகச் சுட வேண்டும்? பகல் முழுவதும் வேலை செய்துவிட்டு வந்து, ஒரு மணி நேரம் நிம்மதியாக ஆட விடக்கூடாதா?" என்கிறார்கள்.

கொள்ளைக்காரர்களிடமும் பதில் தயாராக இருக்கிறது. "துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டாலே சண்டைக்குச் சம்மதம் என்று அர்த்தம். நாங்கள் கப்பலை உடைப்பதால்தானே புதுக் கப்பலுக்கு ஆள் வருகிறது? ஒருவருக்கும் எதுவும் உடையாவிட்டால் உங்கள் கல்லை யார் வாங்குவார்கள்?" என்கிறார்கள்.

இரண்டாவது கட்சியின் பேச்சு துடுக்காகத்தான் இருக்கிறது. ஆனால் சந்தையின் கணக்குப்படி பார்த்தால் அதை லேசில் தள்ளிவிட முடியாது. உடைவதால்தான் விற்கிறது. சாந்தமான வியாபாரிகளே இதை ஒப்புக்கொள்வது உண்டு. தன் கப்பல் உடையும்போது மட்டும் ஒப்புக்கொள்வது இல்லை!

ஓராண்டுச் சதி

2005-ம் ஆண்டு நடந்த ஒரு சம்பவம் இன்றும் பேசப்படுகிறது.

ஈவில் ஆடுகிறவர்கள் சங்கம் சங்கமாகச் சேர்ந்து தொழில் செய்வது வழக்கம். அப்படி ஒரு பெரிய சங்கம். அதன் தலைவியை ஒழிக்க வேண்டும் என்று எதிரி ஒருவர் கூலிக்கு ஆள் பிடித்தார். அந்தக் கூலிப்படை என்ன செய்தது? உடனே சுடவில்லை. நல்லவர்கள் போல நடித்து, ஒவ்வொருவராக அந்தச் சங்கத்தில் சேர்ந்தது. வேலை செய்தது. நம்பிக்கை சம்பாதித்தது. சாவிகளெல்லாம் கைக்கு வந்தன. ஏறத்தாழ ஓர் ஆண்டு காத்திருந்தது!

ஒரு நாள் சைகை கிடைத்தது. அதே நேரத்தில் பல இடங்களில் கிடங்குகள் காலியாயின. தலைவியின் அருமையான கப்பல் அவருடைய நம்பிக்கைக்கு உரியவர்களாலேயே சுட்டு நொறுக்கப்பட்டது. கொள்ளை போனதும் அழிந்ததும் நிஜப் பணத்தில் 16 ஆயிரத்து 500 டாலர் பெறும் என்று அப்போது கணக்குப் போட்டார்கள்.

கம்பெனி என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. விதியை மீறவில்லையே! ஆகாயத்துக்குள் ஏமாற்றுவது அங்கே குற்றம் அல்ல.

பிறகு எதுதான் குற்றம்? அதற்கு 2009-ம் ஆண்டு ஒரு வங்கி பதில் சொன்னது.

ஆடுகிறவர்களே சேர்ந்து நடத்திய வங்கி அது. விளையாட்டுப் பணத்தைப் போட்டால் வட்டி தரும். கடனும் கொடுக்கும். அதை நடத்தியவர் ஓர் ஆஸ்திரேலியக்காரர். ஒரு நாள் அவர் வங்கியிலிருந்து 20 ஆயிரம் கோடி இஸ்க்கை எடுத்துக்கொண்டார். கள்ளச் சந்தையில் விற்று நிஜப் பணமாக மாற்றினார். 6 ஆயிரத்து 300 ஆஸ்திரேலிய டாலர் கிடைத்தது. அன்றைய மதிப்பில் 2 லட்சம் ரூபாய்க்கு மேல். மகனின் வைத்தியச் செலவுக்கும் வீடு வாங்க முன்பணத்துக்கும் தேவைப்பட்டது என்றார்.

செய்தி பரவியது. பணம் போட்டவர்கள் முட்டி மோதினார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். நிஜ வங்கி கவிழும்போது நடப்பதெல்லாம் நடந்தது.

கம்பெனி அவரை வெளியேற்றியது. திருடியதற்காக அல்ல! விளையாட்டுப் பணத்தை வெளியே விற்றதற்காக. ஆகாயத்துக்குள் எடுத்ததை ஆகாயத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தால் அவர் பாட்டுக்கு ஆடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

இது நியாயமா? பணம் இழந்தவர்கள் "அநியாயம்" என்றார்கள். வேறு சிலரோ, "முகம் தெரியாதவரிடம் பணத்தைக் கொடுத்தது யார் தப்பு?" என்று கேட்டார்கள். சீட்டுக் கம்பெனியில் பணம் போட்டு ஏமாந்த குடும்பங்களுக்கு இந்தக் கேள்வியின் சூடு தெரியும்.

ஒற்றைக் கண்ணாடியின் விலை

ஆகாயத்துக்குள் ஏமாற்றியவர்களை மன்னித்தவர்கள், கம்பெனியை மட்டும் மன்னிக்கவில்லை. 2011 ஜூன் கதை அதுதான்.

அந்த மாதம் கம்பெனி ஒரு புதுமை செய்தது. அதுவரை ஆடுகிறவர் கப்பலாகத்தான் இருந்தார். உருவம் கிடையாது. துறைமுகத்துக்கு வந்தால் தன் கப்பலைப் பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது அவருக்குக் கை கால் கொடுத்தார்கள். ஓர் அறை கொடுத்தார்கள். அறையில் ஒரு சோபாவும் போட்டார்கள். எழுந்து நடக்கலாம். உட்காரலாம். அதோடு சரி! கதவைத் திறந்து வெளியே போக முடியாது. பக்கத்து அறைக்காரரைப் பார்க்க முடியாது. போதாக்குறைக்கு, அந்த அறையைக் காட்டுவதற்குள் கம்ப்யூட்டர் சூடேறுகிறது என்று பலர் புகார் சொன்னார்கள். "கப்பல் ஓட்ட வந்தோம். சோபாவில் உட்கார வரவில்லை" என்பது அவர்கள் கட்சி.

இதுகூடப் பெரிதல்ல. கூடவே ஒரு கடையும் திறந்தார்கள். அலங்காரச் சாமான் கடை. சட்டை, பூட்ஸ் முதலியவை. அவற்றுள் ஒன்று, ஒரு கண்ணுக்கு மட்டும் மாட்டும் கண்ணாடி. பழைய காலத்துத் துரைமார் மாட்டுவது போன்றது. அதன் விலை என்ன தெரியுமா?

60 டாலருக்கு மேல்! விளையாட்டுப் பணம் அல்ல, நிஜப் பணம். அன்றைய ரூபாயில் ஏறத்தாழ 3 ஆயிரம். விளையாட்டின் மாதச் சந்தாவே 15 டாலர்தான். நான்கு மாதச் சந்தாவைக் கொடுத்து, படத்தில் இருக்கும் முகத்துக்குப் படத்தில் இருக்கும் கண்ணாடி! நிஜக் கண்ணாடியே அதைவிட மலிவு என்று ஊர் சிரித்தது.

சிரிப்பு கோபமாக மாறியது எப்படி? கம்பெனிக்குள் சுற்றுக்கு விட்ட இதழ் ஒன்று வெளியே கசிந்தது. "பேராசை நல்லதா?" என்று அதன் தலைப்பிலேயே கேள்வி! அலங்காரச் சாமானோடு நிற்காமல், கப்பலையும் குண்டையும்கூடக் காசுக்கு விற்கலாமா என்ற பேச்சு உள்ளே நடப்பது தெரிந்தது. அடுத்து, தலைவர் ஹில்மார் பெதுர்சன் எழுதியதாக ஒரு கடிதமும் கசிந்தது. ஆடுகிறவர்கள் சொல்வதைப் பார்க்காதீர்கள், செய்வதைப் பாருங்கள் என்பது அதன் சாரம்.

"அப்படியா? செய்து காட்டுகிறோம்!" என்று கிளம்பினார்கள்.

ஜிட்டாவுக்குக் கப்பல் கப்பலாக வந்து சிலையைச் சுட்டது அப்போதுதான். அமார் என்ற இன்னொரு சந்தையிலும் கலாட்டா. கூட்டம் மொய்த்ததால் வியாபாரம் தடுமாறியது. இன்னொரு பக்கம், ஆடுகிறவர்கள் சந்தாவை நிறுத்தினார்கள். நிறுத்தியதைப் பகிரங்கமாக அறிவித்தார்கள்.

அவர்களுடைய வாதம் என்ன? கண்ணாடி விலை அல்ல. "நான் ஆறு மாதம் கல் வெட்டிக் கப்பல் வாங்குகிறேன். பணக்காரர் ஒருவர் சட்டைப் பையில் கைவிட்டு அதைவிட நல்ல கப்பல் வாங்கினால், என் ஆறு மாதத்துக்கு என்ன மதிப்பு?" என்று கேட்டார்கள். வியாபாரியும் கொள்ளைக்காரரும் ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாதவர்கள். இந்தக் கேள்வியில் மட்டும் இருவரும் ஒரே பக்கம் நின்றார்கள். ஜிட்டாவில் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே சிலையைச் சுட்டார்கள்!

தூது போன சபை

இந்த விளையாட்டில் ஒரு விசேஷம் உண்டு. ஆடுகிறவர்களுக்கு ஒரு சபை இருக்கிறது. ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2008-ம் ஆண்டு முதல் தேர்தல் நடக்கிறது.

அது எப்படி வந்தது? கம்பெனி ஊழியர் ஒருவர், தான் ரகசியமாக ஆடும் சங்கத்துக்குக் கிடைப்பதற்கு அரிய கப்பல் வரைபடங்களைக் கொடுத்துவிட்டார். 2007-ல் இது அம்பலமாயிற்று. "ஆட்டத்தை நடத்துகிறவனே கள்ள ஆட்டம் ஆடலாமா?" என்று கொந்தளிப்பு. அதன் பிறகுதான், கம்பெனியைக் கேள்வி கேட்க ஆடுகிறவர்களின் சபை அமைந்தது. சபையினரை ஐஸ்லாந்துக்கு விமானத்தில் அழைத்து, செலவு கொடுத்து, பேச்சு நடத்துவார்கள்.

சிலை சுடப்பட்டதும் அந்தச் சபையைக் கம்பெனி அவசரமாக ரெய்க்யாவிக் நகரத்துக்கு அழைத்தது. பேச்சு நடந்தது. கடையில் அலங்காரச் சாமான் மட்டுமே விற்கும், சண்டையில் ஜெயிக்க உதவும் எதையும் காசுக்கு விற்கும் எண்ணம் இல்லை என்று கூட்டாக அறிக்கை வந்தது.

ஆனாலும் போனவர்கள் எல்லோரும் திரும்பவில்லை. அக்டோபர் மாதம் தலைவர் பெதுர்சன் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தப்புச் செய்துவிட்டோம், உங்கள் பேச்சைக் கேட்காமல் போனோம் என்று மன்னிப்புக் கேட்டார். இனி கப்பல்களைக் கவனிப்போம் என்றார்.

அதே மாதத்தில் கம்பெனி தன் ஊழியர்களில் நூற்றுக்கு 20 பேரை வீட்டுக்கு அனுப்பியது. ஒரே சமயத்தில் பல விளையாட்டுகளைத் தயாரிக்கக் கை நீட்டியிருந்தது. சந்தாவும் குறைந்தது. தாங்கவில்லை.

சந்தா நிறுத்தியவர்களில் சிலருக்கு இந்தச் செய்தி கசந்தது. கண்ணாடிக்கு விலை வைத்தவர்கள் வேறு. வேலை இழந்தவர்கள் வேறு. படம் வரைந்த கலைஞரும் சோதனை பார்த்த பையனும் என்ன பாவம் செய்தார்கள்? கோபம் நியாயமாக இருந்தாலும் அது போய் விழும் இடம் எப்போதும் நியாயமாக இருப்பது இல்லை.

நவம்பரில் கப்பல்களைச் சீர்திருத்தி ஒரு புதுப் பதிப்பு வந்தது. கோபம் தணிந்தது. அந்த ஒற்றை அறையும் சோபாவும் 2017-ல் அடியோடு எடுக்கப்பட்டுவிட்டன.

கட்டாத பணம், மூண்ட யுத்தம்

2014-ம் ஆண்டு ஜனவரி 27-ந்தேதி நடந்த யுத்தம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது.

காவல் இல்லாத ஆகாயத்தில் இடம் பிடித்திருப்பவர்கள் அதற்குக் குறித்த நாளில் பணம் கட்ட வேண்டும். ஒரு கூட்டணி தன் கப்பல்களை நிறுத்தி வைத்திருந்த இடத்துக்கு அந்தப் பணம் கட்டப்படவில்லை. இடம் யாருக்கும் சொந்தம் இல்லாமல் போயிற்று. எதிரிகள் பாய்ந்தார்கள். ஆள் மேல் ஆள் வந்து சேர்ந்தார்கள். மொத்தம் 7 ஆயிரத்து 548 பேர்! சண்டை 21 மணி நேரம் நடந்தது. "டைட்டன்" என்பது ஈவில் மிகப் பெரிய கப்பல். ஒன்றைக் கட்ட ஒரு சங்கமே மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். அந்த ஒரு நாளில் 75 டைட்டன்கள் அழிந்தன. நஷ்டம் 11 லட்சம் கோடி இஸ்க். நிஜப் பணத்தில் ஏறத்தாழ 3 லட்சம் டாலர். அன்றைய ரூபாயில் 1 கோடியே 80 லட்சத்துக்கு மேல்!

பத்திரிகைகள் ஆகா ஓகோ என்று எழுதின. சண்டை போட்டவர்கள் சொல்வது வேறு. இத்தனை பேர் ஒரே இடத்தில் கூடினால் கம்பெனியின் கம்ப்யூட்டர் தாங்காது. ஆகையால் காலத்தையே மெதுவாக ஓட விடுவார்கள். பத்தில் ஒரு பங்கு வேகம்! பீரங்கியை ஒரு தரம் அழுத்திவிட்டு, எழுந்து போய்க் காப்பி போட்டுக் குடித்துவிட்டு வரலாம். குண்டு இன்னும் புறப்பட்டிருக்காது. "படத்தில் பார்க்கத்தான் அழகு. உட்கார்ந்திருந்தவனுக்குத்தான் இடுப்பு வலி" என்பது பலருடைய அனுபவம்.

அப்படியும் அடுத்த சண்டைக்கு அலாரம் வைத்து நடுராத்திரியில் எழுந்திருக்கிறார்கள்! உலகம் முழுவதும் ஆடுவதால், எதிரிக்கு மாலை நேரம் என்றால் இவருக்கு விடியற்காலை 3 மணி. வீட்டில் இருப்பவர்களின் அபிப்பிராயத்தை யாரும் கேட்பது இல்லை. கேட்டால் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டியிருக்கும்.

எதிரிகளின் அஞ்சலி

ஷான் ஸ்மித் என்று ஓர் அமெரிக்கர். அரசாங்க வெளிநாட்டு இலாகாவில் வேலை. ஈவில் பெரிய கூட்டணி ஒன்றின் தூதராக இருந்தார். எதிரிகளோடு சமாதானம் பேசுவதும், உடன்படிக்கை செய்வதும் அவர் வேலை. ஆடுகிறவர்களின் சபையிலும் இருந்தவர். 2012-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந்தேதி லிபியா நாட்டில் பெங்காசி நகரத்தில் அமெரிக்க அலுவலகம் தாக்கப்பட்டது. இறந்த நான்கு பேரில் அவரும் ஒருவர். நிஜமான சாவு.

செய்தி வந்ததும் ஈவில் இருந்த பல துறைமுகங்களுக்கு அவர் நினைவாகப் பெயர் மாற்றினார்கள். மாற்றியவர்களில் அவரோடு சண்டை போட்டவர்களும் உண்டு. அவர் குடும்பத்துக்காகப் பணமும் திரட்டினார்கள். முகம் பார்த்துப் பழகாதவர்கள்தான்.

இந்த விளையாட்டு வெறும் பொழுதுபோக்கா என்று கேட்டால், பழைய ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் இவரைத்தான் எடுத்துச் சொல்கிறார்கள்.

மறுபடியும் முணுமுணுப்பு

2011-ல் கொடுத்த வாக்குறுதி காப்பாற்றப்பட்டதா? அங்கேதான் இன்னும் வழக்கு!

ஈவில் கப்பல் ஓட்டும் திறமையை நாள் கணக்கில், மாதக் கணக்கில் காத்திருந்துதான் பெற வேண்டும். தூங்கும்போதும் பயிற்சி நடந்துகொண்டிருக்கும். 2016-ம் ஆண்டு, ஒருவர் பெற்ற திறமையை இன்னொருவருக்கு விற்கலாம் என்று கம்பெனி அனுமதி கொடுத்தது. "புதியவர்கள் எப்போதுதான் எங்களை எட்டிப் பிடிப்பது?" என்று ஏங்கியவர்களுக்கு இது வரப்பிரசாதம். "காசு கொடுத்துத் திறமை வாங்கலாம் என்றால், நாங்கள் சிலையைச் சுட்டது எதற்கு?" என்று பழையவர்கள் கேட்டார்கள். அதே ஆண்டு நவம்பரிலிருந்து சந்தா கட்டாமலும் ஓரளவு ஆடலாம் என்று வந்தது. 2018-ல் தென் கொரியாவின் பேர்ல் அபிஸ் கம்பெனி சி.சி.பி.யை 42 கோடியே 50 லட்சம் டாலருக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. 2022-ல் மாதச் சந்தா 14 டாலர் 95 சென்ட்டிலிருந்து 19 டாலர் 99 சென்ட்டாக உயர்ந்தது. ஒவ்வொரு தடவையும் "இதோடு ஈவ் செத்தது" என்று சிலர் சத்தியம் செய்தார்கள். அதில் பாதிப் பேர் மறு மாதமே ஜிட்டாவில் விலை விசாரித்துக்கொண்டிருந்திருப்பார்கள்!

நிஜமான ரெய்க்யாவிக் நகரத்தில், நிஜமான துறைமுகத்தின் ஓரம், 2014-ம் ஆண்டு கம்பெனி ஒரு நினைவுச் சின்னம் எழுப்பியது. ஆடுகிறவர்கள் ஆகாயத்தில் வைத்துக்கொண்ட பெயர்களை அதில் பொறித்தார்கள். சின்னஞ்சிறு எழுத்தில், வரிசை வரிசையாக, ஆயிரம் ஆயிரமாகப் பெயர்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் குனிந்து நின்று விரலால் தடவித் தங்கள் பெயரைத் தேடுகிறார்கள்.

அந்த 2014 மார்ச் மாதத்தில் கணக்கு வைத்திருந்தவர்களின் பெயர்கள்தான் அதில் உண்டு. 2011-ல் சிலையைச் சுட்டுவிட்டு, கோபித்துக்கொண்டு போய், திரும்பி வராதவர்களின் பெயர்கள் இல்லை.